ஒரு பிடி கூடப் போடு

உலை வைக்கும்போது அன்றைக்கு எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பாவுக்கே தெரியாது. விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலைத் தொழிலாளி வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான். சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும் ஆலை வாசலிலிருந்து சைக்கிள்கள் திமுதிமுவென்று வெளியே வரும். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிய மனிதர்கள். உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள். கடையம், ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர் என்று தொலைவிலிருந்து வருகிறவர்களில் யாராவது பஸ்ஸை விட்டிருப்பார்கள், அல்லது மழையில் மாட்டியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அப்பாவோடு பேசிய பேச்சு பாதியில் நின்றிருக்கும். அந்தப் பேச்சை முடிப்பதற்காகவே எங்கள் வீடு வரைக்கும் வந்துவிடுவார்கள். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது எங்கள் ஆச்சிக்கு ஆகாது.

பாபநாசம் மலையடிவாரத்தில், 1880களில் ஹார்வி சகோதரர்கள் அருவித் தண்ணீரின் விசையை நம்பித் தொடங்கிய ஆலை அது. அதைச் சுற்றித்தான் எங்கள் ஊரே வளர்ந்தது. நான் சொல்வது 1980களின் முற்பகுதி. அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற ஆச்சி, நான், தம்பி, வேலை தேடிக்கொண்டிருந்த சித்தப்பா. இது நிலையான கணக்கு. இதற்கு மேல் வருவதெல்லாம் ஆச்சியின் பாஷையில் ‘கூடுதல்’. “இன்னைக்குக் கூடுதல் உண்டுமா?” என்று காலையிலேயே கேட்பாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, “இருந்தாலும் இருக்கும்” என்பார். அதற்கு உண்டு என்று பொருள் என எனக்கே தெரிந்திருந்தது.

ஆச்சியிடம் ஒரு பித்தளை உழக்கு இருந்தது. விளிம்பு சற்று நெளிந்தது. நாட்டில் மெட்ரிக் அளவை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், ரேஷன் கடையில் கிலோவில் வாங்கி வந்த அரிசியை வீட்டில் உழக்கால்தான் அளப்பாள். “கிலோக் கணக்கு கடைக்காரனுக்கு, உழக்குக் கணக்கு வயித்துக்கு” என்பது அவளுடைய வாதம். அதில் விஷயம் இருந்தது. எடைபோட்டு வாங்கிய அரிசி எத்தனை பேருக்கு வரும் என்று எவருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது. உழக்கு என்றால் தெரியும். பழைய அரிசி ஓர் உழக்குக்கு எவ்வளவு காணும், புது அரிசி எவ்வளவு குறையும், கார் அறுப்பில் வந்த அரிசிக்கும் பிசான அரிசிக்கும் உலைத்தண்ணீர் எவ்வளவு வித்தியாசப்படும் என்பதெல்லாம் அவள் கைக்குள் இருந்தது. உழக்கால் அளந்து முடித்த பிறகு கடைசியாக ஒரு பிடி எடுத்துப் போடுவாள். அது யாருக்கென்று இன்னும் தெரியாத ஆளுக்கு. அம்மா அளந்தால் கூடத்திலிருந்து குரல் வரும்: “ஏட்டி, ஒரு பிடி கூடப் போடு!”

அந்தப் பிடி தாராளத்தில் போட்டதல்ல. மாசத்தின் கடைசி வாரத்தில் மற்ற எல்லாவற்றிலும் இறுக்கிப் பிடித்துத்தான் அந்த ஒரு பிடி மிச்சமானது. எங்கே இறுக்குவது என்பதில் ஆச்சிக்கு இருந்த தேர்ச்சியை இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

முதலில் அடுப்பு. விறகு விலை கூடிய பிறகு எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்புத்தான். மேலே திறந்து, கீழே பக்கவாட்டில் ஒரு துளை போட்ட தகர டப்பா. துளை வழியாக ஓர் உருளைக் கம்பை உள்ளே செருகி, அது நடுவில் வந்து முட்டும் இடத்தில் ஒரு பாட்டிலை நட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். சுற்றிலும் மரத்தூளைப் போட்டு இடித்து இடித்து இறுக்க வேண்டும். விளிம்புவரை நிறைந்ததும் பாட்டிலைப் பைய திருகித் திருகி மேலே உருவி, கம்பையும் வெளியே இழுத்தால் உள்ளே ஒரு புகைபோக்கி மாதிரி வழி அமைந்துவிடும். கீழ்த்துளையில் ஒரு சிராயைக் கொளுத்தி வைத்தால் நெருப்பு உள்சுவரைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே சீராக எரியும். தூள் ஈரமாக இருந்தாலோ, இடிப்பது தளர்வாக இருந்தாலோ பாதிச் சமையலில் சுவர் சரிந்து வீடு முழுக்கப் புகை. தூள் இடிப்பது என் வேலை. மர அறுவைக் கடையிலிருந்து சாக்கில் தூள் கொண்டுவருவது சித்தப்பா வேலை. வேலை இல்லாதவருக்கு வீட்டில் வேலை ஏராளம்.

இந்த அடுப்பில் ஒரு சிக்கல் உண்டு. நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்க முடியாது. ஒருமுறை பற்றவைத்தால் அது எரிந்து தீரும்வரை அடுத்தடுத்துப் பாத்திரம் ஏற்றியாக வேண்டும். எங்கள் வீட்டுச் சமையலின் வரிசையையே அந்த அடுப்புத்தான் முடிவு செய்தது. முதலில் பருப்பு, அடுத்து சோறு, அப்புறம் குழம்பு, அதன்பின் குளிக்க வெந்நீர். எல்லாம் முடிந்த பிறகு கனன்றுகொண்டிருக்கும் மிச்சத் தணலில் கருவாடோ அப்பளமோ சுடுவது. மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றும் இருந்தது. அது காப்பிக்கும் காய்ச்சல்காரருக்குக் கஞ்சிக்கும் மட்டும். ரேஷனில் கிடைக்கும் மண்ணெண்ணெய் மாசம் முழுக்க வர வேண்டுமே.

இரண்டாவது, காய். காலைச் சந்தைக்குப் போகிறவர்கள் வசதியானவர்கள். நாங்கள் அந்தி சாய்ந்த பிறகு போவோம். அப்போது காய்க்காரம்மாக்கள் மிச்சக் காயைச் சாக்கில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். நாலு கத்தரிக்காய், ரெண்டு வாழைக்காய், வளைந்த முருங்கைக்காய் ஒன்று, ஒரு கை சீனியவரைக்காய், வெம்பிய மாங்காய் ஒன்று என்று கலந்துகட்டி இருக்கும். ஒரு கூறு எட்டணா, நேரம் ஆக ஆக அதற்கும் கீழே. ஆச்சி கூறைத் தொடமாட்டாள். நின்று கண்ணாலேயே பார்ப்பாள். பூச்சி விழுந்த கத்தரிக்காய் எந்தக் கூறில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்துவிடும். “இந்தச் சொத்தைய எடுத்துட்டு அந்தத் தடியங்காத் துண்டை வச்சிரு” என்று பேரத்தைத் தொடங்குவாள். காய்க்காரம்மா, “ஆச்சி, இது உமக்கே அடுக்குமா?” என்று கேட்டுக்கொண்டே மாற்றி வைப்பாள். இரண்டு பேருக்கும் இது பழகிய ஆட்டம்.

கூறில் வந்த காயை வைத்து ஒரு பொரியலோ ஒரு கூட்டோ வைக்க முடியாது. எதுவுமே போதுமான அளவு இருக்காது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். அதற்குத் திருநெல்வேலிச் சீமை கண்டுபிடித்த பதில்தான் கூட்டாஞ்சோறு. மற்ற ஊர்களில் இந்தப் பெயரில் பிள்ளைகள் விளையாட்டாகச் சமைப்பதைச் சொல்வார்கள். எங்கள் பக்கம் இது முறையான வீட்டுச் சாப்பாடு. இப்போது ஓட்டல்களில் ‘நெல்லை ஸ்பெஷல்’ என்று நெய் மிதக்க மிதக்க ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதைச் சாம்பார் சாதத்தின் பணக்கார மச்சினன் என்றுதான் என்னால் நினைக்க முடிகிறது. கூட்டாஞ்சோற்றில் நெய்க்கு இடமே இல்லை.

ஆச்சி செய்வதைச் சொல்கிறேன். துவரம்பருப்பை முதலிலேயே ஊறவைத்துவிடுவாள். ஊறினால் வேகும் நேரம் மிச்சம், அதாவது தூள் மிச்சம். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. கையிருப்பு நன்றாக இருந்தால் இரண்டுக்கு ஒன்று. ஈயம் பூசிய பித்தளைப் பானையில் பருப்பு பாதி வெந்ததும் அரிசியைக் களைந்து போடுவாள். கூடவே வாழைக்காய், சீனியவரை, முருங்கைக்காய். அரிசி முக்கால் பதம் வந்த பிறகுதான் கத்தரிக்காயும் தடியங்காயும். முதலிலேயே போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். கரைந்த காயை யாரும் காயாக எண்ணமாட்டார்கள். “காய் கண்ணுக்குத் தெரியணும்ட்டி, அப்பத்தான் வயிறு நம்பும்” என்பாள்.

புளி கடைசியில்தான். ஒருநாள் புளியை நான் முந்தி எடுத்து நீட்டியபோது கையைத் தட்டிவிட்டாள். புளிப்பு சேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் பருப்பு வேகாது, அரிசியும் விறைத்துக்கொள்ளும், எவ்வளவு எரித்தாலும் பிரயோசனமில்லை. பள்ளிக்கூடத்தில் அமிலம் பற்றிப் படிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே நான் கற்ற வேதியியல் அது. மாங்காய் இருந்தால் புளியைப் பாதியாகக் குறைப்பாள். மாங்காய்த் துண்டுகள் வாயில் அகப்படுவது எங்களுக்கு லாட்டரி அடித்த மாதிரி.

இதற்குள் அம்மா அம்மியில் இருப்பாள். ஒரு சில்லு தேங்காய், மிளகாய் வத்தல், சீரகம், மஞ்சள், கடைசியில் நாலைந்து உள்ளி. உள்ளியை மையாக அரைக்கக் கூடாது, ஒன்றிரண்டாக நசுங்கினால் போதும். எங்கள் பக்கம் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். பெரியது பல்லாரி. பல்லாரியை இதற்குள் விட்டால் ஆச்சி தெருவில் இறங்கிவிடுவாள். அரைத்த விழுதும் புளித்தண்ணீரும் உப்பும் பானைக்குள் போன பிறகு அகப்பைக் காம்பால் அடியிலிருந்து ஒரு கிளறு. பிறகு முருங்கைக்கீரை. கீரை போட்டதும் மூடக் கூடாது, மூடினால் நிறம் மாறும். கடைசியில் சிறு இரும்புக் கரண்டியில் தேங்காயெண்ணெய் காயவைத்து வடகத்தை உதிர்த்துப் போடுவாள். சித்திரை வெயிலில் உள்ளியும் உளுந்தும் கடுகும் சேர்த்து இடித்து உருட்டிக் காயவைத்த வடகம். அது பொரியும் வாசம் தெருமுனையைத் தாண்டும். பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “ஆச்சி, இன்னைக்கு கூட்டாஞ்சோறா?” என்று கேட்டுவிட்டால் அங்கேயும் ஒரு கிண்ணம் போயாக வேண்டும். அதுவும் கூடுதல் கணக்கில் சேரும்.

ஒரே பானை, ஒரே தீ, ஒரே தடவை பரிமாறல். சோறு தனி, குழம்பு தனி, தொடுகறி தனி என்று வைத்தால் மூன்றில் ஏதாவது ஒன்று குறையும், குறைந்தது எல்லார் கண்ணிலும் படும். கூட்டாஞ்சோற்றில் குறைவு தெரியாது. எட்டுப் பேருக்கு ஆக்கியது பத்துப் பேருக்குப் போகும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்தச் சாப்பாட்டைக் கண்டுபிடித்த பெண் யாராக இருந்தாலும், அவளுக்கு வாழ்நாள் முழுக்க எதிர்பாராத விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும்.

மே மாச விடுமுறையில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஆச்சியே ஒரு கூட்டாஞ்சோறு நடத்துவாள். கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு. ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் ஏதாவது கொண்டுவர வேண்டும். என்ன கொண்டுவருவதென்று பிள்ளைகள் முடிவு செய்ய விடமாட்டாள், அவளே சொல்வாள். கடை வைத்திருந்த அண்ணாச்சி மகனுக்குப் பருப்பு. மேஸ்திரி வீட்டுப் பிள்ளைகளுக்கு அரிசி. கொல்லையில் வாழை வைத்திருந்த வீட்டுக்கு இலையும் காயும். தெருக்கோடியில் அப்பா இல்லாத ஒரு பிள்ளை இருந்தாள். அவள் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையிடம் ஆச்சி, “உங்க வீட்டு முருங்கைக் கீரைதான் இந்தத் தெருவுலயே ருசி, நீ அதை மட்டும் கொண்டாந்தாப் போதும், மறந்துராத, நீ வரலேன்னா சோறு இறங்காது” என்று கறாராகச் சொல்வாள். எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டிலும் முருங்கை நின்றது. அதன் கீரைக்கு என்ன குறைச்சல் என்று கேட்டேன். ஆச்சி என்னைப் பார்த்த பார்வையில் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

முருங்கை பற்றிச் சொல்லும்போது ஆடிக் காற்றையும் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு முருங்கை தாங்காது. ராத்திரி சடசடவென்று சத்தம் கேட்டால் யார் வீட்டிலோ கொப்பு முறிந்திருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் தெரு முழுக்க முருங்கைக்கீரை. பொரியல், துவட்டல், அடை, கூட்டாஞ்சோறு என்று இரண்டு நாளைக்கு எல்லார் வாயிலும் பச்சை. காசு கொடுக்காமல் வந்த காய்க்கு எங்கள் தெருவில் தனி மரியாதை உண்டு. வாழை குலை தள்ளி வெட்டினால் தண்டு ஒரு வீட்டுக்கு, பூ ஒரு வீட்டுக்கு. தண்டில் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, மோர்த் தண்ணீரில் நறுக்கிப் போடும் வேலைக்குப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைப்பார்கள். பூ ஆய்வதற்கு அதைவிடப் பொறுமை வேண்டும்; ஒவ்வொரு பூவிலும் அந்த நரம்பைக் கிள்ளி எறிய வேண்டும். வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டே நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஒரு பூ முடியும்.

தை பிறந்தால் சிறுகிழங்கு. நகக்கண் அளவுகூட இருக்கும், மண் அப்பிய கிழங்கு. அதை ஒவ்வொன்றாகச் சீவினால் பொழுது போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் போட்டுக் கட்டி, துவைக்கிற கல்லில் போட்டு உருட்டி உருட்டி அடிக்க வேண்டும். தோல் பாதி அதிலேயே கழன்றுவிடும். சித்தப்பாவுக்கு அது பிடித்த வேலை. வேலை கிடைக்காத கோபம் எல்லாம் அந்தச் சாக்குமேல்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய் விலை ஏறும். கூறு கட்டுகிறவர்களே வரமாட்டார்கள். அப்போது கணக்கு தலைகீழ். மற்ற மாசங்களில் ஆள் கூடினால் ஆச்சி காயைக் கூட்டுவாள், மழை மாசங்களில் சாற்றைக் கூட்டுவாள். காணம் வறுத்து அரைத்த துவையல், கொத்தவரை வத்தல், சுண்டை வத்தல், புளித்தண்ணி. தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் சாளைக் கருவாடு ஒன்றைத் தணலில் சுட்டு, தலையைக் கிள்ளி, உதிர்த்து உள்ளியோடு பிசைந்தால் ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு வரும். அந்த அளவை வைத்துக்கொண்டு ஒரு கும்பாச் சோறு உள்ளே போய்விடும். சனிக்கிழமை சில சமயம் உளுந்தஞ்சோறு. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல். எள்ளுத் துவையல் தொட்டுக்கொள்ள. பூப்பெய்திய பெண்ணுக்கு இடுப்பு பலப்பட என்று ஆக்கித் தருவார்கள். மில்லில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் ஆண்களுக்கும் இடுப்பு இருக்கிறது என்பது ஆச்சியின் கட்சி. விருந்தாளிகள் இலையில் அதைத் தயங்காமல் போடுவாள்.

ரேஷனில் பாமாயில் போட ஆரம்பித்தபோது தெருவில் பெரிய விவாதமே நடந்தது. மார்கழிக் குளிரில் அது டப்பாவுக்குள் உறைந்து நிற்கும். “மெழுகுவத்தி செய்யவா கொடுத்தான்?” என்றாள் ஆச்சி. ஆனால் விலை அப்படி. அப்பளம் பொரிக்கவும் தோசைக்கல்லில் தடவவும் மெல்ல மெல்ல உள்ளே வந்தது. தாளிப்புக்கு மட்டும் கடைசிவரை அதை அனுமதிக்கவில்லை. சின்னக் குப்பியில் வாங்கி வந்த தேங்காயெண்ணெயில் அரைக் கரண்டி, கடைசியில், எல்லார் மூக்கிலும் படும்படி. எண்ணெயை முதலில் ஊற்றினால் அது சட்டிக்குப் போகும், கடைசியில் ஊற்றினால் சாப்பிடுகிறவனுக்குப் போகும் என்பாள். இதைவிடத் தெளிவான சிக்கன விதியை நான் எந்தச் சமையல் புத்தகத்திலும் படித்ததில்லை.

எதுவும் ஒரு தடவையோடு தீர்ந்துபோனதில்லை. சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு நாங்கள் குடிப்போம். மிச்சத்தில் அப்பாவின் வேட்டிக்குக் கஞ்சி. நேற்றைய குழம்பும் காயும் மண்சட்டியில் சேர்ந்து சுண்டச் சுண்ட மறுநாள் காலைக்குச் சுண்டக்கறி. அதற்கும் பழைய சோற்றுக்கும் தம்பியும் நானும் போடாத சண்டை இல்லை. அரிசி களைந்த தண்ணீரும் காய்த் தோலும் கழுநீர்ப் பானைக்குள் போகும். மாடு வைத்திருந்த கோனார் வீட்டு அக்கா வந்து அதை எடுத்துக்கொண்டு போவாள். பதிலுக்கு ஒரு சொம்பு மோர் வரும். அந்த மோரில்தான் வாழைத்தண்டு நறுக்கி விழும். 1982இல் சத்துணவு வந்த பிறகு, தட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன தம்பியின் மதியச் சோறு வீட்டுக் கணக்கிலிருந்து கழிந்தது. ஆச்சி அதையும் விடவில்லை. அந்தப் பிடி ராத்திரிக் கூடுதலுக்குப் போனது.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவோம். தென்மாவட்டமே அங்கே திரளும். ஆற்றங்கரையில், காட்டுக்குள், குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். எங்கே பார்த்தாலும் அடுப்பு எரியும். நாங்கள் ஒரு போணி, ஓர் உழக்கு, ஒரு மூட்டை அரிசி, பொட்டலம் பொட்டலமாகச் சாமானோடு போய் இறங்குவோம். முதல்நாள் மட்டும் எங்கள் சமையல் எங்களுடையதாக இருக்கும். அடுத்த நாள் பக்கத்துக் குடிலிலிருந்து குழம்பு வரும், இங்கிருந்து சோறு போகும். மூன்றாவது நாள் யார் பானையில் யார் அரிசி வேகிறது என்று தெரியாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு இப்படி ஆரம்பித்த பழக்கம் என் கல்யாணம் வரைக்கும் நீடித்தது. அவர்களுடைய கம்மஞ்சோற்றை முதன்முதலாக அந்தக் குடிலில்தான் சாப்பிட்டேன்.

இப்போது ‘குறைந்த செலவில் பத்தே நிமிடத்தில்’ என்று கைபேசியில் சமையல் காட்டுகிறார்கள். செலவு குறைவு என்பதும் பத்து நிமிடம் என்பதும் ஒரே சட்டியில் வேகாது என்பது என் அபிப்பிராயம். எங்கள் வீட்டுச் சாப்பாடு மலிவாக இருந்ததற்குக் காரணம், அதில் விழுந்த நேரத்துக்கு யாரும் விலை போடாததுதான். வடகம் உருட்டியது, பூ ஆய்ந்தது, அம்மியில் அரைத்தது, அந்தியில் சந்தைக்கு நடந்தது, தூள் இடித்தது எல்லாவற்றுக்கும் மணிக்கு இவ்வளவு என்று மில் கூலிக் கணக்கில் போட்டிருந்தால் கூட்டாஞ்சோறு எங்களுக்குக் கட்டுப்படியாகியிருக்காது. எளிய சமையல் என்று சொல்லும்போதெல்லாம் அம்மாவின் தோள்பட்டை எனக்கு ஞாபகம் வருகிறது. ராத்திரி அதில் நான் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

ஆச்சி இந்தக் கணக்கை வேறு விதமாகச் சரிக்கட்டினாள். சமையல் இறக்கியதும், யாருக்கும் இலை போடுவதற்கு முன்னால், இரண்டு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அம்மாவுக்கு. மாங்காய்த் துண்டும் முருங்கைக்காயும் அதில் கட்டாயம் இருக்கும். அந்தக் கிண்ணத்தை யார் வந்தாலும் தொடக் கூடாது. அம்மாவுக்கு இது ஆரம்பத்தில் கூச்சமாக இருந்ததாம். ஆம்பிளைகள் சாப்பிடும் முன்னே எடுத்து வைப்பதா என்று அவள் பிறந்த வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆச்சி பதில் சொல்லியனுப்பினாள்: “ஆக்குனவ பட்டினி கிடந்தா அடுத்த வேளைக்கு உப்பு தப்பும்.” மற்ற வீடுகளில் கடைசியாகப் பானையைச் சுரண்டி, இருந்ததைத் தின்று, இல்லையென்றால் தண்ணீர் குடித்துப் படுத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தியாகம் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆச்சிக்கும் இருந்ததில்லை.

ஒரு மழை ராத்திரி அப்பாவோடு வழக்கத்துக்கு மேல் ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடுதலுக்கும் கூடுதல். அதில் பொட்டல்புதூர் பாய் ஒருவர் உண்டு. அம்மாவை வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிடுவார். கந்தூரிச் சமயத்தில் எங்கள் வீட்டுக்குத் தனியாக நேர்ச்சைச் சோறு கொண்டுவருவார். முதல் பந்தியிலேயே பானை காலியாகிவிட்டது. பாயும் இன்னொருவரும் பாக்கி. அப்பா அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். மூடி வைத்த கிண்ணங்கள் கண்ணில் பட்டன. கையை நீட்டினார்.

“வைல கீழ!” என்றாள் ஆச்சி. கூடத்துக்கே கேட்டது.

“எம்மா, ஆளு உக்காந்திருக்காவ...”

“உக்காரட்டும். பழையது இருக்கு, உள்ளி இருக்கு, மோர் மொளகா வறுத்துத் தாரேன். என் மருமவ காலையிலேருந்து நின்னுகிட்டு இருக்கா. அவ சோத்தை எடுத்து நீ பேர் வாங்கப் பாக்கியோ?”

அப்பா முகம் சுருங்கிப் போனது. கூடத்தில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் பாய்தான் முதலில் சிரித்தார். “தங்கச்சி பங்கு எங்களுக்கு எதுக்கு? ஆச்சி, அந்தப் பழையத எடுங்க, அதுக்குத்தான் வந்ததே” என்றார். பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, நீத்தண்ணியை ஊற்றி, உள்ளியைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அம்மா அன்றைக்கு அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை. ஆனால் கிண்ணத்தை முழுசாகச் சாப்பிட்டாள். நான் பார்த்தேன்.

அடுத்த தடவை பாய் வந்தபோது சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு இருந்தது. அதை அவரே தூக்கி வந்து அடுக்களை வாசலில் ஆச்சி முன்னால் வைத்தார். உள்ளே ஒரு சீப்பு வாழைக்காய், ஒரு தடியங்காய்த் துண்டு, மேலே நாலு மாங்காய்.

“ஆச்சி, கிண்ணத்துக்குள்ளதை எடுத்து வச்சிட்டு மிச்சத்தை எங்களுக்குப் போடுங்க.”

ஆச்சி ஒரு வாழைக்காயை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். “பாதி முத்தலு. எவன்ட்டவே வாங்குனீரு?” என்றாள். பிறகு உள்ளே திரும்பி அம்மாவிடம், “ஏட்டி, இன்னும் ரெண்டு பிடி கூடப் போடு” என்றாள்.